தண்ணீர் ஊற்றியதோடு முடிவதில்லை



நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணுகிறது. நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று வரவில்லை. டீச்சர் கண்டிக்கிறார், 'செல்போன் பார்த்தே கெட்டுப்போச்சு' என்று வீட்டிலும் திட்டு. சில வாரம், சில மாதம் கழித்து, பால் குடிக்கும்போது கை வெடுக்கென்று உதறி டம்ளர் கீழே விழுகிறது. சில நொடிக்கு ஒருமுறை அதே உதறல். அதற்குப் பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போகிறார்கள். சோம்பேறி என்று வாங்கிய திட்டுகளை நினைத்தால் மனசு தாங்குவதில்லை.

மருத்துவர்கள் இதை எஸ்.எஸ்.பி.இ. என்பார்கள். பெரும்பாலும் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த தட்டம்மைதான் காரணம். நம் கொங்குப் பக்கத்தில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்போம். அத்துடன் நிம்மதி. ஆனால் அரிதாகச் சில பிள்ளைகளின் மூளையில் அந்த வைரஸ் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டு வரை ஓர் அறிகுறியும் இராது. மூளை அலைப் பதிவும் முதுகுத் தண்டு நீரில் தட்டம்மை எதிர்ப்பொருள் சோதனையும் நோயைக் காட்டிக்கொடுக்கும். வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகள் உண்டு. குணமாக்கும் மருந்து இல்லை. பேச்சு, நடை, பார்வை என்று ஒவ்வொன்றாகப் போய், பெரும்பாலும் சில ஆண்டுகளில் உயிரும் போய்விடுகிறது.

ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 609 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது என்கிறது கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று இதே நோயால் இறந்தது. தடுப்பூசி போடும் வயது வருவதற்குள்ளேயே அதற்குத் தட்டம்மை தொற்றியிருந்தது.

இந்த இடத்தில்தான் என் மனசு நின்றுவிடுகிறது. நம் ஊரில் முதல் ஊசி 9 மாதத்தில். அதுவரை அந்தப் பச்சைக் குழந்தைக்குக் காவல், ஊசி போட்டுக்கொண்ட அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பின்வாங்கினார்கள். ஆனால் எஸ்.எஸ்.பி.இ. நோயாளிகளின் மூளையில் இதுவரை கண்டதெல்லாம் தட்டம்மையின் இயற்கை வைரஸ்தான். தடுப்பூசி வைரஸ் இல்லை.

இரண்டாம் ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள். பல வீடுகளில் விட்டுப்போவது இதுதான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் வேலைக்கு வந்து, வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில் தடுப்பூசி அட்டையும் தொலைந்துபோகிறது. உங்கள் லைன் வீட்டில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் சொல்லுங்கள்: அட்டை இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம், ஐந்து வயது வரை விடுபட்ட ஊசியைப் போடுவார்கள், இலவசமாக.

அன்புடன்,
ஆசிரியர்