மேகம் கண்டால் திரும்பட்டும்!

கேதாரநாத் பள்ளத்தாக்கில் 2025 ஜூன் 15 அன்று விடியற்காலையில் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் இரண்டு வயதுகூட நிரம்பாத பச்சைக் குழந்தையும் ஒன்று. அதற்கு முன்பு, 2022 அக்டோபர் 18 அன்று, அதே மலையில், அதே போன்ற பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் விழுந்து மாண்டவர்களும் ஏழு பேர்தாம். அந்த எழுவரில் மூவர் தமிழ்நாட்டிலிருந்து சாமி கும்பிடச் சென்றவர்கள். இரு முறையும் அனுதாபச் செய்திகள் வந்தன, விசாரணை அறிவிக்கப்பட்டது, சில நாட்களில் விசிறிகள் மறுபடி சுழன்றன.

"வானிலை யார் கையில் இருக்கிறது?" என்று கூறி நழுவுவோர் உண்டு. மழையையும் பனியையும் நிறுத்தும்படி எந்த அமைச்சரையும் நாம் கேட்கவில்லை. பறப்பதை நிறுத்துவது யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

கோயில் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 11,700 அடி உயரத்தில். கௌரிகுண்டிலிருந்து நடந்தால் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். மந்தாகினிப் பள்ளத்தாக்கு வழியே பறந்தால் சில நிமிடந்தான். இருபுறமும் செங்குத்து மலை. விமானி கண்ணால் தரையைப் பார்த்தே ஓட்டுகிறார். மேகம் இறங்கினால் அவரும் அதற்கடியில் இறங்குகிறார்; அது இன்னும் இறங்கினால் அவரும் இன்னும் இறங்குகிறார். கீழே மரம், பக்கத்தில் பாறை. திரும்பலாமென்று எண்ணும்போது வளைவதற்கு இடமிருப்பதில்லை. பிறகு எல்லாம் ஒரே வெள்ளை!

அந்த வெள்ளையில் மனிதனின் காது பொய் சொல்லும். உடலின் சமநிலையை உணர்த்தும் உட்செவி, சாய்ந்து போகிற வாகனத்தை நேராகப் போவதாகவே காட்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954ல் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாத இருபது பேரிடம் விமானத்தைக் கொடுத்து, வெளியே எதுவும் தெரியாதபடி செய்தார்கள். இருபது பேரும் விமானத்தைக் கைநழுவ விட்டனர். சராசரியாக 178 விநாடிகளில்! மூன்று நிமிடம்கூட இல்லை.

கற்றுக்குட்டிகளுக்குத்தானே இந்தக் கதி என்பீரேல், குன்னூரை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெல்லிங்டன் புறப்பட்டது விமானப்படையின் இரட்டை இயந்திர ஹெலிகாப்டர். ஓட்டியவர்கள் தேர்ந்த வீரர்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரையும் இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துள் நுழைந்தது, விமானிக்குத் திசை தடுமாறியது, மலையில் மோதியது என்றுதான் விசாரணைக் குழு கண்டது. இயந்திரக் கோளாறுமில்லை, சதியுமில்லை.

ஆகவே திறமையை மட்டும் நம்பிப் பயனில்லை. மேகம் வரும் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு? நடைக் கணக்கில் வருமானம் பார்க்கும் கம்பெனிக்கு. காத்திருக்கும் கூட்டமோ "இன்றே தரிசனம்" என்று நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, சம்பளம் வாங்கும் விமானி ஒருவர் தனியாக நின்று "முடியாது" என்று சொல்ல வேண்டுமாம்! ஜூன் 15 விபத்தில் காவல்துறை பதிந்த வழக்கே, ஒதுக்கிய நேரத்துக்கு முன்பே பறந்ததாகக் குற்றம் சாட்டியது. விடியுமுன் அதைத் தடுக்கத் தளத்தில் ஆளில்லையா?

டேராடூனில் ஒருங்கிணைப்பு மையம் அமைக்கப்படும் என்று அந்த விபத்துக்குப் பின் உத்தரகண்ட் முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் மேகம் இறங்குவது டேராடூனில் அல்ல, கௌரிகுண்டுக்கு மேலே. பள்ளத்தாக்கின் வளைவுதோறும் காமிராவும், கம்பெனியின் சம்பளம் வாங்காத வானிலை அதிகாரியும் இருக்க வேண்டும். அவர் கை உயர்த்தினால் ஒரு விசிறியும் சுழலக் கூடாது. பாதி வழியில் திரும்பிய விமானியை எவரும் காரணம் கேட்கக் கூடாது.

பறக்க முடியாத நாளில் டிக்கெட்டுப் பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, பயணிகளை மறுநாள் வரை தங்கவைக்க எவ்வளவு செலவாகும்? சர்க்கார் அந்தக் கணக்கைப் போட்டு, அடுத்த யாத்திரைக்கு நடை திறக்குமுன் நாட்டு மக்களிடம் வைக்கட்டும்.