கப்பலின் கீழ்த்தளமும் சுரங்கத்தின் ஆழமும்

கோலார் தங்கவயலின் வரலாற்றில் கடலுக்கு இடமில்லை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களைவிட்டு வெளியேறிய உழைப்பாளர் சென்ற வழிகளுள் இரண்டு ஒப்புநோக்கத்தக்கவை. ஒன்று, சென்னைக் கடற்கரை வழியாக மொரீசியஸ், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றது. மற்றொன்று, 1880-களிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. வறுமையும் நிலமின்மையும் சாதிக்கொடுமையும் இரண்டு வழிகளிலும் மக்களைத் தள்ளின. ஆயினும் முன்னவர் ‘புலம்பெயர்ந்தோர்’ ஆய்விலும், பின்னவர் ‘தொழிலாளர் வரலாறு’ ஆய்விலும் தனித்தனியே அடைக்கப்பட்டுவிட்டனர். இப்பிரிவினை பொருத்தமற்றது.

பாய்மரக் கப்பலில் சரக்கு அடுக்கப்படும் தளத்திலேயே மனிதரும் கிடத்தப்பட்டனர். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு, குடிநீர் அனைத்தும் அளந்தே தரப்பட்டன. காற்று விழுந்தால் கப்பல் நின்றது. புயல் எழுந்தால் மேல்தள வாயில்கள் மூடப்பட்டு, இருளும் வாந்தியும் புழுக்கமுமே எஞ்சின. வாந்திபேதி பரவினால் பிணங்கள் கடலுக்குள் சென்றன. 1860 அக்டோபரில் சென்னையைவிட்டுப் புறப்பட்ட ட்ரூரோ, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் வந்தோர் 342 பேர். மேற்கிந்தியத் தீவுகளுக்கான பாய்மரப் பயணமோ மூன்று மாதங்களையும் கடக்கக்கூடியது. ஊரில் ஒன்றாக உண்ணாதோர் ஒரே கொப்பரைச் சோற்றை உண்ண நேர்ந்ததும் அங்கேதான். ஊரின் ஒழுங்கு தளர்ந்த இடத்தில் முதலாளியின் ஒழுங்கு வந்து அமர்ந்தது.

சுரங்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. இருள், வெப்பம், மேற்பார்வை, அடையாளக் குறி. ஆனால் ஒரு வேறுபாடு முதன்மையானது. நடுக்கடலில் வேலையைவிட்டு ஊர் திரும்ப இயலாது, தங்கவயலிலிருந்து இயலும். 1894இல் மாரிக்குப்பம்வரை இருப்புப்பாதையும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய முடிந்ததற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனலாம். அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்து வெளிவந்ததும், பௌத்த சங்கங்கள் அங்கு வேரூன்றியதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், அங்க அடையாளம் அனைத்தையும் பதிந்துள்ளன. அவை ஏவியவர்களின் தேவைக்காக எழுதப்பட்டவை. கீழ்த்தளத்தில் இரவுகளில் என்ன பேசப்பட்டது, எவர் எவருக்குத் துணைநின்றார் என்பவற்றை அவற்றில் தேடிப் பயனில்லை. பயணம் செய்தோருள் மிகச் சிலரிடமே கேட்டு எழுதிவைக்கப்பட்டது. இனிக் கேட்கவும் வழியில்லை.

தங்கவயலின் நிலை அத்தகையதன்று. சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28 அன்றுதான். பாறைக்குள் இறங்கி மீண்டவர்கள் இன்னும் அங்குள்ள குடியிருப்புகளில் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் அவர்கள் குறைந்துவருகின்றனர். நிறுவன ஆவணங்கள் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆய்வு மாணவர் முதலில் செல்லவேண்டியது ஆவணக்காப்பகத்துக்கு அன்று, அவர்களின் வீட்டுத் திண்ணைக்கு.