கல்முனையில் நற்செய்தி: அறிவிப்பதும் ஆள் சேர்ப்பதும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த குழந்தைகள் உட்பட முப்பது பேர் வரை கொல்லப்பட்டார்கள். ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில், கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் இருந்த சஹ்ரானின் குடும்பத்தினர் தங்களைத் தாங்களே வெடிக்க வைத்துக்கொண்டார்கள். அங்கே எடுக்கப்பட்ட 15 சடலங்களில் ஆறு சிறுவர்களுடையவை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள்தான்.

அந்தக் கிழமை கல்முனையில் வசித்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். மட்டக்களப்பில் உறவினர்களின் பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். காலையில் பாண் வாங்கப் போக வேண்டும். கடை முஸ்லிம் காக்காவின் கடை. அவரும் தூங்கியிருக்க மாட்டார். இவர்கள் என்ன கதைப்பார்கள் என்று அவரும் பயந்துகொண்டிருப்பார். முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற செய்தி தமிழிலும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

நற்செய்தி அறிவித்தல் என்பது கிறிஸ்தவர்களின் கடமை என்று எல்லாத் திருச்சபைகளும் சொல்கின்றன. ஆனால் அன்று காலை அந்தக் கடைவாசலில் அந்தக் கடமைக்கு என்ன அர்த்தம்? போரும் கடலும் குண்டும் மாறி மாறித் தின்ற இந்தக் கரையோரத்தில் ஒருவர் தன்னுடைய நம்பிக்கையை மற்றவருடன் பகிர்வது எப்படி?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் சுமார் 39 வீதம், தமிழர் சுமார் 17 வீதம். கிறிஸ்தவர்கள் எல்லாப் பிரிவினரும் சேர்ந்து இரண்டு வீதம் அளவில்தான். கரையோரக் கிறிஸ்தவர்களில் அநேகர் தமிழர்கள். எனவே கல்முனைக் கிறிஸ்தவருக்கு இரண்டு முகங்கள் உண்டு. முஸ்லிம் அயலவருக்கு அவர் முதலில் தமிழர், பிறகுதான் கிறிஸ்தவர். இந்துத் தமிழருக்கோ அவர் பல சமயங்களில் முதலில் கிறிஸ்தவர். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தபோது ஊர் தமிழர், முஸ்லிம் என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. இன்றுவரை அந்தப் பிரச்சினை தீரவில்லை. ஒரே பட்டினத்தில் தமிழருக்கு ஒரு வைத்தியசாலை, முஸ்லிம்களுக்கு ஒரு வைத்தியசாலை என்று சனங்கள் பிரித்துப் பேசுகிற இடம் இது. அங்கே யார் எதைச் சொன்னாலும், அதைச் சொல்லுகிறவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான் முதலில் கேட்கப்படும்.

இந்தச் சந்தேகத்துக்கு வரலாறும் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புக் கரையோரத்தில் குடியமர்த்தினான். அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனாலும் சிலுவையைத் தூக்கிவந்த ஓர் அரசு விரட்டியதால் இடம்பெயர்ந்தவர்களின் நினைவு இந்த மண்ணில் கலந்திருக்கிறது. துப்பாக்கியோடு வந்த மதத்தைப் பற்றி நல்ல செய்தி என்று சொன்னால் அதைக் கேட்கிறவர் நம்புவதற்குக் காலம் எடுக்கும்.

1814இல் மெதடிஸ்த மிஷனரிகள் வந்தார்கள். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பாடசாலையைத் தொடங்கி ஒரு வருடம் ஆவதற்குள் இறந்துபோனார். அவருக்குப் பின்வந்தவர்களும் கத்தோலிக்கத் துறவிகளும் கரையோரம் எங்கும் பாடசாலைகள் வைத்தார்கள். கல்முனை வெஸ்லியும் கார்மேல் பாத்திமாவும் அந்த வழியில் வந்தவைதான். பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பிறகு மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தார். அவர்தான் பின்னர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியான சுவாமி விபுலாநந்தர். கிறிஸ்தவப் பாடசாலையில் படித்தவர், இந்துப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமல் படிப்பதற்கென்று பாடசாலைகளைக் கட்டினார். மிஷனரிகளின் கணக்கில் இது தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அவர்கள் கொடுத்த கல்வி மாணவனைக் கட்டிப்போடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அதேவேளை, அப்படி ஒரு மாற்றுப் பாடசாலை தேவைப்பட்டது ஏன் என்ற கேள்வியையும் கிறிஸ்தவர்கள் தவிர்க்க முடியாது. படிப்பு வேண்டுமானால் இந்த வாசலால்தான் வரவேண்டும் என்ற நிலை இருந்தது. அங்கே பகிர்வதும் நெருக்குவதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

இதே கேள்வி 2004இல் கடலோடு வந்தது. டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலை ஒட்டிய ஊர்கள் வரிசையாகச் சிதைந்தன. உலகெங்கும் இருந்து தொண்டு நிறுவனங்கள் வந்தன. அவற்றில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. பலர் யாரையும் என்ன மதம் என்று கேட்காமல் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். சிலர் அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரமும் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு முகாமில் உட்கார்ந்திருக்கும் தாயிடம், உதவி செய்யும் கையே தன் கடவுளைப் பற்றியும் பேசத் தொடங்கினால், அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் சொல்லப்படுவதைப் பகிர்வு என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இதற்குத் தீர்வாக அரசின் சட்டத்தை நாடலாமா என்பது வேறு கேள்வி. இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. 14ஆம் உறுப்புரை வழிபாடு, அனுஷ்டானம், போதனை ஆகியவற்றுக்கு உரிமை தருகிறது. இதில் மதத்தைப் பரப்பும் உரிமை அடங்குமா? 2003இல் ஒரு கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய வழக்கில், அடங்காது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மதத்தைப் பரப்புவதும் பொருள் உதவி செய்வதும் ஒன்றாகச் சேர்வதை அது ஆபத்தாகப் பார்த்தது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அந்த அருட்சகோதரிகளின் உரிமை மீறப்பட்டுள்ளது என்று முடிவு செய்தது.

2004இல் ஜாதிக ஹெல உறுமய வலுக்கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதற்கென ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. மதம் மாறுகிறவர் அதை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்ற வகையான வாசகங்கள் 10ஆம் உறுப்புரைக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த மூலம் சட்டமாகவில்லை. ஆனால் 2008 ஒக்டோபரில் சமய விவகார அமைச்சு ஒரு சுற்றுநிருபத்தை அனுப்பியது. புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. வீட்டில் கூடி ஜெபிக்கும் சிறிய சபைகளை மூடுவதற்கு அதிகாரிகளும் பொலிஸாரும் பல இடங்களில் அந்தக் கடதாசியைக் காட்டினார்கள்.

தமிழர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 2016இல் வவுனியாவில் சிவசேனை தொடங்கப்பட்டதன் பின், வடக்கு கிழக்கில் மதமாற்றம்தான் தமிழரின் முதல் ஆபத்து என்ற பிரசாரம் கூடியிருக்கிறது. மதமாற்றத் தடைச்சட்டம் கேட்டுத் தமிழ்க் குரல்களும் எழுகின்றன. அப்படி ஒரு சட்டம் வந்தால் அதை எழுதப்போவது யார்? நடைமுறைப்படுத்தப்போவது யார்? தொல்லியல் என்ற பெயரிலும் விகாரை என்ற பெயரிலும் யாருடைய நிலம் போகிறது என்று கிழக்கில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் போதகரை அடக்கவென்று நாம் கேட்டு வாங்கும் பிரம்பு, நாளை கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் திரும்பும்.

போரால் கணவனை இழந்த பெண் ஒருத்தி ஏன் சபைக்குப் போகிறாள் என்று ஊர் கேட்கிறது. காசுக்கு மாறிவிட்டாள் என்று ஊரே பதிலும் சொல்லிவிடுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி அவள் சொல்லும் அதே கதையைப் பத்தாவது தடவையும் பொறுமையாகக் கேட்டவர் யார் என்று ஊர் கேட்பதில்லை. விதவை என்று நல்ல காரியங்களில் அவளைத் தள்ளி வைத்தது யார், சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்தது யார் என்றும் கேட்பதில்லை. அவள் ஏமாந்தவள் என்று சொல்வது அவளுடைய புத்தியை அவமதிப்பது. அவள் தேடிப் போனது என்ன, அது எங்களிடம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதுதான் நேர்மையானது.

போதகர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. அயலவரின் தெய்வத்தைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்வது எந்த வகையில் நல்ல செய்தி? நோய் மாறும், காணாமல் போனவர் வருவார் என்று வாக்குக் கொடுப்பது, காத்திருக்கும் தாய்மாரின் காயத்தில் செய்யும் வியாபாரம் இல்லையா? 2023இல் போதகர் ஜெரோம் பெர்னாண்டோவின் பிரசங்கம் மற்ற மதத்தவரைப் புண்படுத்தியதாகச் சர்ச்சையானது. அந்த ஆண்டு டிசெம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். பேச்சுக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது சரியா என்பது தனியான விவாதம். ஆனால் கொழும்பில் ஒரு மேடையில் பேசப்படும் வார்த்தைக்கு, கிழக்கில் ஓலைக் கொட்டிலில் கூடும் பத்துப்பேர் விலை கொடுக்க நேரிடலாம் என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் நினைப்பதில்லை.

சரி, நல்ல உதாரணம் இருக்கிறதா? கிழக்கிலேயே இருக்கிறது. 1990 ஆகஸ்ட் மாதம். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கல்முனைக்கு அருகே வீரமுனையில் கோயிலிலும் பாடசாலையிலும் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வீதியில் யாரும் இறங்காத அந்த நாட்களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபேர்ட், அகப்பட்டுக் கிடந்தவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போனார். ஆகஸ்ட் 15ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் காணாமல் ஆக்கப்பட்டார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அவருடைய சக துறவி ஹரி மில்லர், மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்து, கைதானவர்களையும் காணாமல் போனவர்களையும் தேடித் தாய்மாரோடு முகாம் முகாமாக அலைந்தார். 2014இல் இறக்கும்வரை மட்டக்களப்பிலேயே இருந்தார். இவர்கள் எத்தனை பேரை மதம் மாற்றினார்கள் என்று மட்டக்களப்பில் யாரும் கேட்பதில்லை. ஆனால் அவர்களுடைய நம்பிக்கை எது என்று கேட்டால் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தெரியும்.

இன்னொரு உதாரணம் அண்மையது. கொரோனாக் காலத்தில் அரசு முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தது. பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தது. அடக்கம் செய்வது கிறிஸ்தவர்களுக்கும் வழக்கம். ஆனால் அந்த வலியின் பெரும் பங்கு முஸ்லிம்களுடையது. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரையான பேரணி தொடங்கியபோது, அதன் கோரிக்கைகளில் கட்டாய எரிப்பை நிறுத்துவதும் இருந்தது. சைவக் குருக்களும் கிறிஸ்தவக் குருமாரும் சேர்ந்து நடந்தார்கள். கரையோர முஸ்லிம் ஊர்களில் சனங்கள் வீதிக்கு வந்து அவர்களை வரவேற்றார்கள். 1990இன் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் அப்படி ஒரே வீதியில் சேர்ந்து நடந்தது அரிது. அந்த மாதக் கடைசியில் அரசு அடக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது.

அந்த வீதியில் நடந்த பாதிரியார் யாருக்கும் வேதாகமம் கொடுக்கவில்லை. மற்றவருடைய இறந்த உடலுக்கு, அவர்களுடைய மார்க்கப்படி மரியாதை கிடைக்க வேண்டும் என்று நடந்தார். கிறிஸ்தவம் தன் அயலவனைப் பற்றி என்ன நம்புகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கம் சொல்லும்?

இதன் பொருள் கிறிஸ்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பதல்ல. கேட்கிறவருக்குத் தன் நம்பிக்கையைச் சொல்லும் உரிமையும், கேட்டபின் மாறவோ மாறாமல் இருக்கவோ உள்ள உரிமையும் எல்லோருக்கும் உண்டு. அந்த உரிமையை இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். முஸ்லிம் ஊருக்குள் ஒருவர் மார்க்கம் மாறினால் அவருக்கு என்ன நடக்கும் என்ற கேள்வியும் இதற்குள்தான் வருகிறது. ஆனால் நிவாரணப் பையும் பிரசங்கமும் ஒரே கையால் வரக்கூடாது. மற்றவரின் தெய்வத்தை இழிவாகச் சொல்லித் தன்னுடையதை உயர்த்தக்கூடாது. வேண்டாம் என்று சொன்னவரின் வீட்டுக்கு அடுத்த நாளும் பழையபடி அன்போடு போகக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படிப் போக முடியாதவர் வந்தது ஆள் சேர்க்கத்தான். இந்த வரம்பைச் சுற்றுநிருபத்தால் போட முடியாது. அயலவர்கள்தான் தங்களுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபடியும் அந்தப் பாண் கடைக்கு வருவோம். அன்று காலை அங்கே போன கிறிஸ்தவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வழமைபோலப் போய், "காக்கா, ரெண்டு பாண்" என்று கேட்டிருந்தாலே போதும். அவர் போனதே ஒரு பதில். துக்க வீட்டிலிருந்து வந்தவர் தன் கடைக்கு வந்தார் என்பதை அந்தக் காக்கா மறக்கமாட்டார். என்றாவது ஒருநாள், எப்படி உங்களால் வர முடிந்தது என்று அவரே கேட்கலாம். கேட்டால், அப்போது சொல்லலாம்.