மடிநோய்க்கு வைட்டமின் ஊசி எதற்கு?

''எங்களிடம் இரண்டு ஜெர்ஸி கலப்பினப் பசுக்கள் உள்ளன. மூத்த பசு கன்று ஈன்ற மூன்றாம் நாள் மடி கல்போல இறுகி, பால் மஞ்சள் தண்ணீராக வந்தது. அன்று சாயங்காலமே படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, 'ரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது, கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கும்' என்றார். குளுக்கோஸ், ஆன்டிபயாடிக் போன்றவற்றோடு வைட்டமின் ஈ, செலினியம் கலந்த ஊசியும் போட்டார். நான்காம் நாள் பசு எழுந்துவிட்டது. மடியில் வந்த நோய் கல்லீரலை எப்படிப் பாதிக்கும்? அந்த வைட்டமின் ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் ஒன்றரை மாதத்தில் ஈனப்போகும் இளைய பசுவுக்கு நாங்களே போட்டுக்கொள்ளலாமா?''

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி.

பசு எழுந்துவிட்டது என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது, சகோதரி. நான் பயிர்ப் படிப்பு படித்தவன். மாட்டு வைத்தியம் என் துறை இல்லை. அதனால் உங்கள் கடிதத்தை எங்கள் வட்டாரக் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மடியிலிருந்து கல்லீரலுக்கு

சாணத்தில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, காம்புத் துளை வழியாக மடிக்குள் போய்ப் பெருகுகிறது. அது பெருகும்போதும் சாகும்போதும் அதன் மேலுறையிலிருந்து 'எண்டோடாக்சின்' என்ற நஞ்சு கழன்று விழுகிறது. கன்று ஈன்ற புதிதில் மாட்டின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் நஞ்சும், சில நேரம் பாக்டீரியாவும் ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அதை எதிர்த்து உடம்பு முழுவதும் கொதித்தெழுந்து, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலைக்குத்தான் 'செப்சிஸ்' என்று பெயர்.

ரத்தத்தில் வரும் நஞ்சை வடிகட்டும் முக்கியமான இடம் கல்லீரல். அங்கே 'குப்ஃபர் செல்கள்' என்ற காவல் செல்கள் நஞ்சைப் பிடித்து விழுங்குகின்றன. உதவிக்கு வெள்ளை அணுக்களும் கூட்டமாக வந்து சேர்கின்றன. கிருமியைக் கொல்ல இவை பயன்படுத்தும் ஆயுதம், வீரியம் ஏறிய ஆக்சிஜன். கிருமியைச் சுடும் அந்த ஆயுதம், பக்கத்தில் இருக்கும் கல்லீரல் செல்லையும் சேர்த்தே சுடுகிறது.

இதை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. பாராகுவாட் களைக்கொல்லியை நல்ல வெயிலில் தெளித்தால் சில மணி நேரத்திலேயே களை வாடிக் கருக ஆரம்பித்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் மெதுவாகத்தான் கருகும். காரணம், இலை வெயிலிலிருந்து பிடிக்கும் சக்தியைப் பாராகுவாட் திருப்பி ஆக்சிஜன் மேல் ஏற்றி, 'சூப்பர் ஆக்சைடு' என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. இலையைக் கருக்குவது அந்த ஆக்சிஜன்தான். செப்சிஸ் கண்ட மாட்டின் கல்லீரலில் உருவாவதும் இதே சூப்பர் ஆக்சைடுதான்.

கல்லீரலின் மூன்று காவல்

இப்படி நடக்கும் என்று தெரிந்தே உடம்பு காவல் போட்டு வைத்திருக்கிறது. இவற்றைத்தான் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்கிறோம்.

முதல் காவல், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி. 1969-ம் ஆண்டு இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். சூப்பர் ஆக்சைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது இதன் வேலை. புண் கழுவும்போது நுரைத்து வருமே, அதே பெராக்சைடுதான். இந்த நொதி வேலை செய்யத் தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை வேண்டும்.

பெராக்சைடும் செல்லைக் கெடுக்கும். அதைத் தண்ணீராக மாற்றுவது இரண்டாம் காவல். கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன. பின்னதற்குச் செலினியம் இல்லாமல் முடியாது. அது செலவழிக்கும் சரக்கின் பெயர் குளுட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த இந்தப் பொருளை உடம்பிலேயே அதிகம் தயாரிப்பதும் சேர்த்து வைப்பதும் கல்லீரல்தான். அதைத் தயாரிக்கப் புரதம் வேண்டும்.

மூன்றாம் காவல் வைட்டமின் ஈ. செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சுவரில் இது உட்கார்ந்திருக்கிறது. சுவரில் ஒரு இடத்தில் பிடித்த நெருப்பு அடுத்த இடத்துக்குத் தாவாமல் தடுக்கிறது.

1957-ம் ஆண்டு கிளவுஸ் ஷ்வார்ட்ஸ் என்ற விஞ்ஞானி, வைட்டமின் ஈ இல்லாத ஒருவகைத் தீவனம் தின்ற எலிகளின் கல்லீரல் செத்துப்போவதை, துளியளவு செலினியம் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். அது ஏன் என்பது, குளுட்டாதயோன் பெராக்சிடேஸுக்குள் செலினியம் இருப்பது தெரிந்த 1973-ம் ஆண்டில்தான் விளங்கியது. உங்கள் மருத்துவர் இரண்டையும் ஒரே ஊசியில் போட்டதன் காரணமும் இதில் இருக்கிறது. ஒன்று செல்லின் சுவரைக் காக்கிறது, மற்றொன்று செல்லின் உள்ளே காக்கிறது.

காப்பாற்றியது எது?

அந்த ஊசி மட்டும்தான் பசுவைப் பிழைக்க வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். கிருமியை அடக்கும் மருந்து, ரத்த ஓட்டத்தை மீட்டெடுத்த குளுக்கோஸும் உப்பு நீரும், வீக்கத்துக்கான ஊசி, மடியை அடிக்கடி கறந்து நஞ்சை வெளியேற்றியது, இவைதான் முதல். எல்லாவற்றுக்கும் மேல், அன்று சாயங்காலமே நீங்கள் மருத்துவரை அழைத்தது. கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் சேமிப்பு அளவானது. நஞ்சு வந்துகொண்டே இருந்தால் கரைந்துவிடும். நஞ்சின் வரத்தை நிறுத்தாமல் வைட்டமினை மட்டும் ஏற்றுவது, மடை உடைந்திருக்கும்போது வயலில் தண்ணீரை இறைப்பதைப் போன்றது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்த காலத்தில், எங்கள் வீட்டுப் பசு ஈன்ற இரண்டாம் நாள் படுத்துவிட்டது. காதைத் தொட்டுப் பார்த்தோம், சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை, சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். வேளாண்மை படித்துக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன். மடியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. விடிவதற்குள் பசு செத்துவிட்டது. காலையில்தான் மடியின் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தோம்.

ரத்தத்தில் நஞ்சு ஏறிய மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. நோய் முற்றும்போது உடம்பு குளிர்ந்தும் போகும். ஈன்ற மாடு படுத்தால் முதலில் நான்கு காம்பிலும் பீய்ச்சிப் பாருங்கள். பால் தண்ணீராகவோ திரிதிரியாகவோ வந்தால் காத்திருக்க வேண்டாம். கால்சியம் பாட்டிலை நீங்களாக ஏற்றவும் வேண்டாம். நஞ்சேறிய மாட்டுக்கு அதை வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சு லேசான மடிவீக்கத்தின் ஆரம்பத்தில் உதவும். ஆனால், தீவனம் எடுக்காமல் படுத்த மாட்டுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. உடனே உங்கள் கால்நடை மருத்துவரையோ, 1962 என்ற எண்ணையோ அழையுங்கள்.

நீங்களே ஊசி போடலாமா?

கூடாது. செலினியம் தேவைப்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் போதும். 5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் மண்ணிலேயே செலினியம் மிகுந்த வயல்கள் உண்டு. அங்கு விளைந்த தீவனத்தைத் தின்று மாடுகளுக்குக் குளம்பு கழன்றிருக்கிறது, முடி உதிர்ந்திருக்கிறது. சினைமாட்டுக்கு ஊசி வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால், உங்கள் யோசனையில் ஒரு பாதி சரி. காவலை நோய் வந்தபின் கூட்டுவதைவிட, வருவதற்கு முன்னால் பலப்படுத்துவதில்தான் பலன் அதிகம். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1984-ம் ஆண்டு வெளியான ஆய்வில், பால் வற்றிய காலத்தில் வைட்டமின் ஈ கொடுத்த மாடுகளில் மடிநோய் 37 சதவிகிதம் குறைந்தது. வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் பெற்ற மாடுகளில் நோய் நீடித்த காலம் 62 சதவிகிதம் குறைந்தது. அவை பச்சைப் புல் மேயாமல், சேமித்து வைத்த தீவனம் தின்ற மாடுகள். கோடையில் வைக்கோலை மட்டுமே தின்னும் நம் மாடுகளின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். பசும்புல்லில் வைட்டமின் ஈ நிறைய உண்டு. காயக் காயக் குறைந்து, வைக்கோலில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது.

இளைய பசுவுக்கு இந்த ஒன்றரை மாதம்

* பால் கறப்பதை இன்னும் நிறுத்தவில்லை என்றால், இப்போதே மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். வற்றுக்காலம் இரண்டு மாதம் கிடைப்பதே நல்லது.
* தினமும் பசுந்தீவனம் கொடுங்கள். தீவனப்புல்லோடு வேலிமசால் அல்லது அகத்தி சேர்ந்தால் வைட்டமினும் புரதமும் கிடைக்கும். தண்ணீர் குறைவாக இருந்தாலும் வரப்பில் நான்கு அகத்தி நட இடமிருக்கும்.
* தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் அளவில் அடர்தீவனத்தில் கலந்து வையுங்கள். காவல் நொதிகளுக்கான தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு அதில் இருக்கும். செலினியம் இருக்கிறதா என்று பாக்கெட்டைப் பாருங்கள்.
* மாட்டைக் கொழுக்க விடாதீர்கள். கொழுத்த மாடு ஈன்றதும் தீவனம் குறைத்துத் தின்னும். உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் படியும். கொழுப்பு படிந்த கல்லீரல், நஞ்சை எதிர்க்கத் திணறும்.
* பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு, மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நேராகக் கல்லீரலைத்தான் தாக்கும்.
* ஈனும் இடம் சாணமில்லாமல் உலர்ந்திருக்கட்டும். கறந்து முடித்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை படுக்காமலிருக்க, தீவனத்தைக் கறந்தபிறகு போடுங்கள். காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து எடுப்பதும் நல்லது.

மூத்த பசுவின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை விற்கவோ குடிக்கவோ கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

மண்வெட்டி பட்ட காயம், முள் குத்திய புண், பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து மனிதர்களுக்கும் செப்சிஸ் வரும். கண் மஞ்சளாகும் அளவுக்குக் கல்லீரலையும் தாக்கும். மாடு தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது. அதனால் செப்சிஸ் நோயாளிக்கு வைட்டமின் சி-யை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். 872 பேரிடம் செய்து 2022-ம் ஆண்டு வெளியான அந்தச் சோதனையில், 28-ம் நாளில் இறந்தவர்களும் உறுப்புப் பாதிப்பு நீங்காதவர்களும் சேர்ந்து, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவிகிதம், பெறாதவர்களில் 38.5 சதவிகிதம். கடைசி நேரத்தில் ஊற்றும் வைட்டமின் கைகொடுக்கவில்லை.

ஆகவே, காயத்தோடு குளிர்நடுக்கம், வேகமான மூச்சு, தடுமாறும் பேச்சு, சிறுநீர் குறைவு, கண் மஞ்சள் இவற்றில் ஏதாவது தெரிந்தால், மஞ்சள்காமாலைக்கு மருந்து தருபவரைத் தேடிப் போகாமல் 108-ஐ அழையுங்கள். கீரை, பயறு, முட்டை, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் நலமாக இருக்கும் நாளில் சாப்பிட வேண்டியவை.

இளைய பசு ஈன்றதும், என்ன கன்று என்று ஒரு கார்டு போடுங்கள்.