உயரத்துக்கும் ஓர் அளவு வேண்டும்

நமது பட்டணத்து வீதிகளில் சில வருஷங்களாக ஒரு காட்சி பெருகி வருகிறது. மலைக்கும் மணலுக்கும் சேற்றுக்கும் என்று செய்யப்பட்ட நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் வண்டியொன்று, வாங்கிய சில மாதங்களுக்குள் பட்டறையில் புகுந்து, வளர்ந்து வெளியே வருகிறது. அதன் டயர்கள் மட்கார்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கின்றன. ஸ்பிரிங்குகளுக்குச் சிவப்பும் மஞ்சளுமாய் வர்ணம் ஏறியிருக்கிறது. ஏறுவதற்குப் படி வேண்டும். இறங்குவதற்குத் துணிவு வேண்டும். இவ்வண்டி எந்த மலையில் ஏறிற்று, எந்த ஆற்றைக் கடந்தது என்று விசாரித்தால், அண்ணா சாலையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் தவிர வேறொன்றையும் அது அறியாது என்று தெரியவருகிறது. மற்றொரு பக்கத்தில், இவ்வண்டியைத் தடுத்து நிறுத்த வேண்டிய சட்டமோ, அது எவ்வளவு உயர்ந்தது, எதனால் உயர்ந்தது, அதனால் விளையும் கேடு யாது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. சொந்தக்காரரிடமும் அளவுகோல் இல்லை. சர்க்காரிடமும் அளவுகோல் இல்லை. இவ்விரு குறைகளையும் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

"இது பொழுதுபோக்குக்காரர் விஷயமாயிற்றே, தேச காரியங்களில் ஈடுபட்டோருக்கு இதில் என்ன வேலை?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்களின் படகுகளோடு கூட நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்புகளும் மீட்புப் பணியில் இறங்கியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023-ம் வருஷம் டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெருமழை கொட்டிக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டபோது, சாதாரண மோட்டார் போகமுடியாத வழியில் போகக்கூடிய வண்டியின் அருமை தெரிந்தது. மலைத் தோட்டங்களிலும் காட்டோரக் கிராமங்களிலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது பல சமயம் ஜீப்பே. ஆகவே அவ்வண்டியைத் தக்கபடி சித்தம் செய்யும் கலை வீண் கலையல்ல. அதை வீண் ஆடம்பரமாக்குவதுதான் தவறு. அதைக் குற்றமென்றே தள்ளிவிடுவதும் தவறு.

முதலில் சொந்தக்காரரின் பக்கத்தைப் பார்ப்போம். டயர், ஷாக் அப்ஸார்பர், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தும் 'லிப்ட்' என்ற மூன்று காரியங்களில் எது முதல், எது கடைசி? பெரும்பாலோர் லிப்டிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்கவேண்டியது டயரிலிருந்து.

காரணம் எளிது. ஜீப்பின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்குவது அச்சின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் குடம். கல்லில் முதலில் முட்டுவது அதுவே. அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கோ அச்சுக்கு மேலே இருக்கிறது. ஆதலால் ஒற்றை அச்சு வண்டியில் ஸ்பிரிங்கை 2 அங்குலம் உயர்த்தினால் வண்டியின் உடல் 2 அங்குலம் உயருமேயன்றி, அச்சுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூலளவும் கூடாது. அதைக் கூட்டுவது டயர் ஒன்றே; அதுவும் குறுக்களவில் கூடியதன் பாதியளவே கூடும். 2023-ம் வருஷம் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னிக்குத் தயாரிப்பாளர் தந்த டயர் 195/80 ஆர்15. அதன் குறுக்களவு 693 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 போட்டால் ஏறக்குறைய 733 மில்லிமீட்டர் ஆகும். கூடியது 40, அச்சு உயர்ந்தது 20 மட்டுமே. அந்த 20-க்கு விலை என்ன? சக்கரம் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு ஆறு பங்கு அதிக தூரம் ஓடுவதால், வேகமானி 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 63-ஐத் தாண்டியிருக்கும். கியர் அந்த அளவுக்கு இளைத்து, ஏற்றத்தில் எஞ்சின் திணறும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்கவேண்டும்.

ரிம்மின் விஷயத்திலும் ஒரு மயக்கம் உண்டு. பெரிய ரிம் அழகென்று பலர் எண்ணுகிறார்கள். 2020-ம் வருஷத்து மகிந்திரா தார் வண்டி 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்ற இரண்டு டயர் அளவுகளில் வெளிவந்தது. இரண்டின் வெளிக் குறுக்களவும் 15 மில்லிமீட்டரே வித்தியாசப்படும். ஆனால் 16 அங்குல ரிம்மில் டயரின் பக்கச் சுவர் 184 மில்லிமீட்டர் உயரம். 18 அங்குல ரிம்மில் 166 தான். மணலில் காற்றைக் குறைத்து டயரைப் பரப்பி ஓட்டுவதற்கும், கூர்ங்கல்லின் இடியை ரிம்முக்கு எட்டாமல் தாங்குவதற்கும் பயன்படுவது அந்தப் பக்கச் சுவரே. தேரிக்காட்டு மணலுக்கு ஆசைப்படுபவர் சிறிய ரிம்மையே நாடவேண்டும். டயரின் பல்லமைப்பும் அவ்வாறே. சேற்றுக்கென்று ஆழப் பல் வெட்டிய டயர், மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைந்து நிற்கத் தாமதிக்கும், இரைச்சலும் அதிகம். பத்து நாளில் ஒன்பது நாள் தார்ச்சாலையில் ஓடுபவருக்கு இரண்டுக்கும் பொதுவான டயரே போதும். சுமைக் குறியீடு தயாரிப்பாளர் குறித்ததற்குக் குறையவே கூடாது.

இரண்டாவது ஷாக் அப்ஸார்பர். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. குலுக்கலை அடக்குவது ஷாக் அப்ஸார்பரே. குழாய்க்குள் எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே நெருக்கித் தள்ளி, ஆட்டத்தை உஷ்ணமாக்கி வெளியே விடுவது அதன் தொழில். கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் கொதித்து நுரைத்து, அடக்கும் சக்தி குன்றிவிடும். அதைத் தடுக்கவே நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். ஒற்றைக் குழாயுள்ளது உஷ்ணத்தை விரைவில் வெளிவிடும்; ஆனால் கல் பட்டு நசுங்கினால் உள்ளே தண்டு சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயுள்ளது சற்றுச் சீக்கிரம் சூடேறும். ஆனால் வெளிக்குழாய் நசுங்கினாலும் வீடு வந்து சேரும். வேகமாக ஓடும் மணல்வெளிக்கு முன்னதும், மெல்ல ஏறும் கல்மலைக்குப் பின்னதும் பொருந்தும். கனமான டயரைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக் அப்ஸார்பரை அப்படியே விடுபவர், வலுத்த காளைக்கு நைந்த கயிற்றைக் கட்டுபவர்.

மூன்றாவதாகவே உயரம் வருகிறது. அதனால் பயனே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மேட்டில் முன்முனை இடிக்காமல் ஏறவும், பின்முனை தரையில் உரசாமல் இறங்கவும், திட்டின் மேல் வயிறு தட்டாமல் கடக்கவும், டயர் மட்கார்டில் உரசாமல் திரும்பவும் உயரம் உதவுகிறது. ஆனால் அந்த உதவி முதல் ஒன்றிரண்டு அங்குலத்திலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் செல்லச் செல்லக் கேடு பெருகுகிறது. ஜிம்னி போன்ற ஒற்றை அச்சு வண்டியில் உடல் உயர்ந்தால் முன் அச்சு சிறிது திரும்பி, ஸ்டீயரிங்கை நேரே நிறுத்தும் சாய்வு குறைந்து, வண்டி சாலையில் அலையும். அச்சைப் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். தார் போன்று முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வண்டியில் இயக்குத் தண்டின் மூட்டுகள் செங்குத்தாய் வளைந்து விரைவில் தேயும். பிரேக் குழாய்கள் நீளம் போதாமல் விறைக்கும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரத்தின் மையம் உயர்ந்து, திடீரென்று திருப்பும்போது கவிழும் அபாயம் அதிகமாகும். ஜிம்னியின் அகலமே 1,645 மில்லிமீட்டர்தான் என்பதை அதன் சொந்தக்காரர்கள் நினைவில் வைக்கவேண்டும். ஸ்பிரிங்கையும் அன்றாடம் ஏற்றும் சுமையைக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கவேண்டும். காலி வண்டிக்குக் கனத்த ஸ்பிரிங் போட்டால், சக்கரம் குழியில் இறங்காமல் குதிக்கும். பிடிப்பும் போம், முதுகும் போம்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கற்பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஜீப்புகளைப் பார்த்தவர்கள் ஒன்று அறிவார்கள். அங்கே ஏறுவது உயரமல்ல. தாழ்ந்த கியரும், தகுந்த டயரும், ஓட்டுகிறவரின் நிதானமுமே ஏறுகின்றன.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. மாற்றம் என்பதற்கு, வண்டியின் அடிப்படை இயல்பு மாறும்படி அதன் அமைப்பில் செய்யும் மாறுதல் என்று அச்சட்டமே விளக்கமும் தருகிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கில் 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு, தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறான மாற்றம் கூடாதென்று தீர்ப்பளித்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது.

தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. கோர்ட்டார் தம் முன்னுள்ள சட்டத்துக்கே பொருள் சொல்ல முடியும். பொது வீதியில் நடப்பவனின் உயிர், வண்டிக்காரனின் ஆசையைவிடப் பெரிது என்பதிலும் எமக்கு ஐயமில்லை. ஆனால் அடிப்படை இயல்பு எத்தனை மில்லிமீட்டரில் மாறுகிறது? 20-லா, 50-லா, 150-லா? மலைக் கிராமத்தில் சுமை ஏற்றுபவன் ஸ்பிரிங்கைச் சற்றுக் கனமாக்குவதும், பட்டணத்து வாலிபன் வண்டியைக் கோபுரமாக்குவதும் ஒரே குற்றமா? அளவு சொல்லாத சட்டம், யோக்கியனை அச்சுறுத்தும், துணிந்தவனைத் தடுக்காது, நடுவே கையூட்டுக்கு வாசலைத் திறந்து வைக்கும்.

அளவு சொல்வது முடியாத காரியமல்ல. ஆஸ்திரேலியாவில் வண்டி மாற்றங்களுக்கென்று தேசிய விதித் தொகுப்பே இருக்கிறது. நான்கு சக்கர இயக்க வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த மிகப் பெரிய டயரினும் குறுக்களவு 50 மில்லிமீட்டருக்கு மேல் கூடலாகாது என்று அது வரையறுக்கிறது. பெரிய மாற்றங்களுக்குத் தகுதி பெற்ற எஞ்சினீயரின் சான்று கேட்கிறது. ஜெர்மனியில் பரிசோதிக்கப்பட்ட உறுப்புக்கு அதற்குரிய பத்திரம் உண்டு. பொருத்தியபின் சோதனை செய்து பதிவிலும் ஏற்றுகிறார்கள். நம் பார்லிமெண்டும் இதைச் சிந்திக்காமல் விடவில்லை. அபராதத்தை விதித்த அதே 2019-ம் வருஷத்துத் திருத்தம், வண்டி மாற்றங்களுக்குரிய அளவுகளையும் நிபந்தனைகளையும் வகுக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தந்தது. தண்டிக்கும் கை நீண்டது போல் வகுக்கும் கையும் நீளவேண்டாமா? டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்ஸார்பருக்கும் இன்ன எல்லைவரை அனுமதி, இன்ன எல்லைக்கு மேல் சோதனை, அதற்கும் அப்பால் தடை என்று தெளிவாக எழுதி, தமிழிலும் வெளியிட்டு, ஒவ்வொரு போக்குவரத்து ஆபீஸிலும் ஒட்டவேண்டும் என்று கேட்கிறோம்.

சோதிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. ஒரகடத்தில் சர்க்கார் அமைத்த வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பூனாவிலும் இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். இன்று உலகறிந்த டயர்க் கம்பெனி. ஷாக் அப்ஸார்பர் செய்யும் ஆலை ஓசூரில் இருக்கிறது. இவ்வளவும் நம் வாசலில் இருக்க, நமது வாலிபர்கள் கடல் கடந்து வரும் விலையுயர்ந்த பெட்டிகளுக்குக் காத்திருப்பானேன்? சட்டம் அளவைச் சொன்னால், நமது தொழிலாளி அந்த அளவுக்குச் செய்து தருவான். அளவு இல்லாத இடத்தில் சுதேசித் தொழில் வளராது. இரகசியப் பட்டறைதான் வளரும்.

விதி வரும்வரை சொந்தக்காரர்களுக்கு நமது யோசனை இதுவே. தயாரிப்பாளர் உங்கள் வண்டிக்குக் குறித்துள்ள அளவுக்குள் நல்ல டயரைத் தேர்ந்தெடுங்கள். தேய்ந்த ஷாக் அப்ஸார்பரை அதே நீளத்தில் தரமானதாக மாற்றுங்கள். அதற்கு மேல் எதைச் செய்வதாயினும், செய்வதற்கு முன்பே பதிவு அதிகாரியை எழுத்து மூலம் கேளுங்கள்; இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். மறைத்துச் செய்த மாற்றம் விபத்து நாளில் உங்களுக்கே எதிர்ச்சாட்சியாக நிற்கும். மிச்சமாகும் பணத்தைக் காற்றழுத்தமானிக்கும், இழுவைக் கயிற்றுக்கும், ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் செலவிடுங்கள். அடுத்த வெள்ளத்தில் அழைப்பு வரும்போது, உங்கள் வண்டி எத்தனை அங்குலம் உயர்ந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எத்தனை பேரைக் கரை சேர்த்தது என்றே கேட்பார்கள்.