திரிசூலம் மலையைக் கட்டியது யார்?



தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் போகும்போது, பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: “சார், அதுல ஒரு மலை பிரமிடு மாதிரியே இருக்கு. நம்ம முன்னோர்கள் கட்டினதா ஏன் இருக்கக் கூடாது?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தவர்களில் எவருக்கும் அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கவில்லை என்பதே காரணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்பக்கம் 500 மீட்டர், உயரம் 80 மீட்டர் உள்ள ஒரு குன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரமிடின் கன அளவுக்கு உரிய சூத்திரப்படி சுமார் 67 லட்சம் கன மீட்டர் வருகிறது. எகிப்தின் மாபெரும் பிரமிடே 26 லட்சம்தான்! அவ்வளவு கல்லை எங்கிருந்தோ வெட்டியிருக்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்துக்கு வெட்டினாலும் 160 ஏக்கருக்கு மேல் பாறைப் பள்ளம் விழும். அந்தப் பழங்காலப் பள்ளம் எங்கே? ஏரிகள் இருக்கின்றனவே என்பீர்கள். நம் ஊர் ஏரி வெட்டிய பள்ளமன்று. சரிவான நிலத்தில் மண்கரை எழுப்பித் தேக்கிய நீர்.

அடுத்து, பாறையையே கேட்போம். இது சார்னோக்கைட் என்னும் வகை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இதே பாறை என்று கண்ட தாமஸ் ஹாலந்து, 1893இல் இப்பெயரை வைத்தார். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை இது. மேலிருந்தவை கரைந்து போக, கடினமான இது மட்டும் குன்றாக எஞ்சி நிற்கிறது. குளிர்ந்தபோதும் மேற்சுமை நீங்கியபோதும் விழுந்த பிளவுகள், அடுக்கிய கற்களைப் போல் தோன்றும். உற்றுப் பாருங்கள்: பிளவின் ஒருபுறம் ஓடும் கனிம வரி மறுபுறமும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்தக் கொத்தனாரும் அப்படி அடுக்க முடியாது. பல்லாவரத்தில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குகைக்கோயில் குடைந்தான். தூணும் கூரையும் ஒரே கல். அடுக்கி வைத்த கற்குவியலில் அப்படிக் குடைய முடியுமா?

முக்கோண வடிவமோ, நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரே குன்றை இரண்டு ரயில் நிலையங்களிலிருந்து வரைந்து பாருங்கள்; பிரமிடு காணாமல் போகும்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. போஸ்னியாவில் விசோக்கோ என்னும் ஊரின் மலையைப் பிரமிடு என்று 2005இல் ஒருவர் அறிவிக்க, ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் மறுத்தனர். இந்தோனேசியாவின் குனுங் பாடாங் குன்றுக்குள் 25,000 ஆண்டுப் பழமையான கட்டடம் இருப்பதாக 2023இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. 2024 மார்ச்சில் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அவர்கள் வயது கணித்தது ஆழத்து மண்ணுக்கு. மண் பழையதுதான், ஆனால் மனிதன் அதைத் தொட்டதற்குச் சான்று இல்லை. அந்தக் குன்றின் மேல் மனிதர் அமைத்த கற்படிகள் இருப்பது மெய்யே. கதை அவ்வளவோடு நின்றிருந்தால் யாரும் மறுத்திருக்கப் போவதில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர், இதே பல்லாவரத்தில், படைப் பயிற்சி மைதானத்தின் அருகே ஒரு சரளைக் குழியில், மனிதன் செதுக்கிய கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் உலகம் ஏற்ற முதற்சான்று அது! அதே ஆண்டு அவர் கண்ட அத்திரம்பாக்கத்தின் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என 2011இல் கணிக்கப்பட்டது. பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்திருக்கின்றன. இவற்றுக்குப் பிரமிடின் கவர்ச்சி இல்லை. உள்ளங்கை அளவுக் கல்லும் உடைந்த ஓடும் கிடக்கும் நிலத்தின் மேல் நாம் நாளும் வீடு கட்டிக்கொண்டு போகிறோம். இல்லாத பிரமிடுக்காக வாதாடும் நேரத்தில் பாதியை இருக்கிற ஈமக்காட்டுக்குக் கொடுக்கலாம். முன்னோர் பெருமை வேண்டும் என்பவர்களுக்கு 15 லட்சம் ஆண்டு போதாதா?

மறுவாரம் அந்த மாணவன் ஒரு புகைப்படத்துடன் வந்தான். செங்குத்தான பாறை முகம். அதில் சம இடைவெளியில் வரிசையாகக் குழிகள். “சார், இதுவாவது மனுஷன் செஞ்சதா?” என்றான். ஆம், சந்தேகமே இல்லை என்றேன். கல்குவாரியில் பாறையைப் பிளக்கத் துளைத்த குழிகள் அவை. நான் கேட்ட பாறைப் பள்ளமும் அங்கேதான் இருந்தது, அடியில் பச்சை நீர் தேங்கி. நகரத்தின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் ஜல்லி அங்கிருந்து போயிருக்கிறது. தனியாக அந்தப் பக்கம் போகாதே, குவாரிக் குட்டைகளின் ஆழம் தெரியாது என்று எச்சரித்துவிட்டு, குழிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் படத்திலிருந்தே கணக்கிட முடியுமா என்று கேட்டேன். “பக்கத்துல ஒரு ஆடு நிக்குது சார், அதை வெச்சுப் போடலாம்” என்றான்.