வாழைக்கன்னு வாங்குறதுக்கு முன்னாடி காம்பைத் திருப்பிப் பாருங்க

டவுன்ல வீடு கட்டி இருக்குற நம்ம சொந்தக்காரங்களுக்குப் பின்பக்கம் பத்தடி மண்ணு மிஞ்சினா முதல்ல ஞாபகம் வர்றது வாழைதான். உடனே போன் வரும். "மாமா, ரஸ்தாளி வைக்கட்டுமா, செவ்வாழை வைக்கட்டுமா?" கடையில எது ருசியோ, எது விலை கூடவோ, அதுதான் வீட்டுலயும் இருக்கணும்னு ஒரு ஆசை. தப்பு சொல்ல முடியாது. ஆனா நான் இந்த விஷயத்துல எதிர்க்கட்சி.

என்னைக் கேட்டா, வீட்டு வாழை பழத்துக்காக வைக்கிறது இல்லை. பழம் தெருமுனையில கிடைக்குது. நறுக்குன அன்னிக்கே சாப்பிடுற இலை, வாடாத பூ, சாறு வத்தாத தண்டு, பொரியலுக்கு ரெண்டு காய், இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. அப்படிப் பாத்தா வீட்டுக்கு ஏத்தது மொந்தனும் பூவனும். இடம் தாராளமா இருந்தா கற்பூரவள்ளி. ரஸ்தாளி வேண்டாம். செவ்வாழை வேண்டாம். ஜி-9 வேண்டவே வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா என் வீட்டுல வைக்க மாட்டேன்.

நான் காவிரிக்கரை ஆளு. லால்குடி, முசிறி, தொட்டியம், குளித்தலைன்னு இந்தப் பக்கம் முழுக்க வாழைதான். சின்ன வயசுல இருந்து கன்னு தூக்கிப் பழகின கை. அதனால எந்த ரகம்னு எங்களுக்குப் பாத்ததும் தெரிஞ்சிடும். டவுன்ல இருக்குறவங்களுக்குத் தெரியாது. அதுதான் சிக்கலே. நம்ம தங்கச்சி மாப்பிள்ளை ஒருத்தர் ஒரு நர்சரியில "கற்பூரவள்ளி"ன்னு எழுதி வச்ச கன்னை வாங்கி வச்சார். ஒரு வருஷம் பாத்ரூம் தண்ணியெல்லாம் திருப்பி விட்டு வளத்தார். தார் போட்டுச்சு, பாத்தா பச்சையா நீள நீளமா ஜி-9. நர்சரியில போய்க் கேட்டா, "வச்ச இடம் அப்படி சார்"னானாம். மண்ணு மாறினா காய் பெருக்கும், சிறுக்கும், அதெல்லாம் உண்டு. கற்பூரவள்ளி ஜி-9 ஆகுமா?

பேரை மட்டும் நம்ப முடியாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வாழைக்கு ஊருக்கு ஒரு பேரு. நம்ம பூவனை கேரளாவுல பாளையங்கோடன்னு சொல்லுவாங்க. அங்க போய் "பூவன்"னு கேட்டீங்கன்னா நம்ம ரஸ்தாளியை எடுத்துக் குடுப்பாங்க. ஆந்திராவுல கர்ப்பூர சக்கரகேளின்னு ஒண்ணு இருக்கு. பேரைக் கேட்டதும் கற்பூரவள்ளின்னு நினைச்சுக்குவோம், ஆனா அது நம்ம பூவன். பெங்களூர்க்காரங்க ஏலக்கின்னு சொல்றது நம்ம நெய்ப்பூவன், அதையே மலையாளத்துல ஞாலிப்பூவன்னு சொல்லுவாங்க. வெளியூர்ல இருந்து கன்னு வரவழைக்கிறவங்க பாதிப் பேரு ஏமாறுறது யாரோட திருட்டுத்தனத்தாலயும் இல்லை, இந்தப் பேராலதான்.

அதனால கன்னோட உடம்பைப் பாருங்க. ஒரு பயிற்சியில சொல்லிக் குடுத்தது, அதுக்கு அப்புறம் நான் யாரு கேட்டாலும் இதைத்தான் முதல்ல சொல்றேன். நாம சாப்பிடுற வாழைக்கெல்லாம் காட்டுல ரெண்டு பாட்டன் உண்டு. ஒண்ணு மூசா அக்குமினாட்டா, இன்னொண்ணு மூசா பால்பிசியானா. ரெண்டுலயும் பழத்துக்குள்ள முழுக்கக் கொட்டைதான். இந்த ரெண்டும் கலந்தும், முதல் பாட்டன் மட்டும் தனியாவும் வந்ததுதான் நம்ம ரகமெல்லாம். 1955-ல சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டுன்னு ரெண்டு பேரு 15 அடையாளம் வச்சு, எந்த வாழையில எந்தப் பாட்டன் ரத்தம் எவ்வளவுன்னு மார்க் போடுற முறையைக் கொண்டு வந்தாங்க. நமக்கு 15-ம் வேண்டாம். மூணு போதும்.

முதல்ல தண்டைப் பாருங்க. கருப்பும் பழுப்புமா திட்டுத்திட்டா இருந்தா முதல் பாட்டன் பக்கம். சுத்தமா பச்சையா, திட்டு இல்லாம இருந்தா ரெண்டாவது பாட்டன் பக்கம். அடுத்தது இலைக்காம்பு. மேல்பக்கம் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும். அது அகலமா வாயைத் திறந்துக்கிட்டு, ஓரம் வெளிப்பக்கம் விரிஞ்சிருந்தா முதலாவது. ரெண்டு ஓரமும் உள்பக்கம் மடங்கி வாயை மூடிக்கிட்டு இருந்தா ரெண்டாவது. மூணாவது பூ. மடல் விரிஞ்சு மேல்நோக்கிச் சுருண்டுக்கிட்டா முதலாவது, சுருளாம குடை மாதிரி தூக்கி நின்னா ரெண்டாவது. பூவுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும், கன்னு வாங்குறப்போ முதல் ரெண்டும்தான் உதவும்.

இதை வச்சே பெரிய ஏமாத்து பிடிபட்டுடும். ஜி-9, ரொபஸ்டா, செவ்வாழை எல்லாம் முழுக்க முதல் பாட்டன் வம்சம். மொந்தன், பேயன், கற்பூரவள்ளியில ரெண்டாவது பாட்டன் ரத்தம் கூட. மாப்பிள்ளை அன்னிக்குக் காம்பைத் திருப்பிப் பாத்திருந்தா வாய்க்கால் வாயைத் திறந்து நின்னதைப் பாத்திருப்பார். அதோட, திசு வளர்ப்புல வந்த ஜி-9 கன்னோட இளம் இலையில கருஞ்சிவப்பா மை தெளிச்ச மாதிரி திட்டு இருக்கும். கற்பூரவள்ளின்னு சொல்ற கன்னுல அதைப் பாத்தா காசை எடுக்காதீங்க.

பூவன், ரஸ்தாளி, நேந்திரன் மூணும் நடுவுல நிக்கிற கலப்பு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு மச்சம் உண்டு. பூவனுக்கு இலையோட நடு நரம்பைப் பின்பக்கம் திருப்பிப் பாத்தா ரோஸ் கலர் ஓடும். ரஸ்தாளித் தண்டு மஞ்சள் கலந்த பச்சை, அதுல பழுப்புத் திட்டு, காம்போட ஓரத்துல செவப்புக் கோடு. நேந்திரன் சின்னதா இருக்கும்போது தண்டே லேசா ரோஸ் அடிக்கும். செவ்வாழைக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, தண்டு, காம்பு, நரம்பு எல்லாம் செவப்பு. மொந்தன் கன்னையும் கற்பூரவள்ளிக் கன்னையும் பக்கத்துல பக்கத்துல வச்சா டவுன் ஆளுக்குப் பிரிக்கிறது கஷ்டம். அதுக்குத் தாய் மரத்துல தார் தொங்குறதைப் பாத்துத்தான் சொல்லணும். மொந்தன் காய் பெருசா, பட்டை பட்டையா, நுனி பாட்டில் கழுத்து மாதிரி நீண்டிருக்கும். கற்பூரவள்ளி சீப்பு நெருக்கமா, காய் மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். துடைச்சா கையில ஒட்டும்.

சரி, ரஸ்தாளி ஏன் வேண்டாம்னு சொல்றேன்? ருசியில அதை மிஞ்ச ஆள் இல்லை, ஒத்துக்கிறேன். எங்க வீட்டுல பூஜைக்கு அதுதான். ஆனா அதுக்கு வாடல் நோய் எமன். பனாமா வாடல்னு சொல்லுவாங்க. அடி இலை ஓரத்துல இருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிஞ்சு, தண்டைச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்கும். தண்டு அடியில வெடிக்கும். கிழங்கை வெட்டிப் பாத்தா செம்பழுப்பா கோடு கோடா ஓடியிருக்கும். இந்தப் பூஞ்சாணம் ஒரு தடவை மண்ணுக்குள்ள போச்சுன்னா பல பத்து வருஷத்துக்குப் போகாது. மருந்து ஊத்தி மண்ணைச் சுத்தம் பண்ண முடியாது. மத்திய அமெரிக்காவுல குரோ மிஷேல்னு ஒரு ரகத்தை ஆயிரக்கணக்கான ஏக்கர்ல ஒரே ரகமா வச்சாங்க. இந்த நோயாலதான் 1950, 60-கள்ல அதை மொத்தமா கைவிட்டாங்க. அதுக்குப் பதிலா வந்த கேவண்டிஷ் குடும்பத்துப் பிள்ளைதான் நம்ம ஜி-9. இப்ப அதையும் சாய்க்கிற புது வகைப் பூஞ்சாணம் பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் வந்தாச்சு.

இதுல டவுன்காரங்களுக்கு என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சம்பந்தம் இருக்கு. இப்ப மாடித்தோட்டக் குழு, விதைப் பரிமாற்றம்னு கன்னு கைமாறுது. விதை கைமாறுறது வேற, வாழைக்கன்னு கைமாறுறது வேற. விதையில தாய்ச்செடியோட மண்ணு ஒட்டி வராது. வாழைக்கன்னு கிழங்கோடயும் மண்ணோடயும் வரும், நோயும் கூடவே வரும். முடிக்கொத்து நோயும் அப்படித்தான். இலை குறுகி, நேரா நிமிர்ந்து, துடைப்பம் மாதிரி ஒண்ணா நிக்கும். காம்புல கரும்பச்சைக் கோடு விட்டு விட்டுத் தெரியும். அசுவினி அதை மரத்துக்கு மரம் கொண்டு போகும். கீழ்ப்பழனி மலையில விருப்பாட்சி வாழையை அழிச்சது இதுதான். பழனி பஞ்சாமிர்தத்துக்கு உகந்த பழம் அது. 2008-ல புவிசார் குறியீடு வாங்கினது, சிறுமலை வாழையும் கூடவே. குறியீடு வந்து என்ன, அசுவினிக்குப் படிக்கத் தெரியுமா?

எங்க ஊர்ல ஒருத்தர், மக வீட்டுல நல்லா இருக்கேன்னு டவுன்ல இருந்து ரஸ்தாளிக் கன்னு நாலு பஸ்ல கொண்டாந்தார். வாய்க்கால் ஓரம் வச்சார். ரெண்டு வருஷத்துல அந்த வயல்ல ரஸ்தாளி நிக்கலை. தண்ணி எந்த வயலுக்குப் பாயுதோ அங்கயும் காட்டுச்சு. இப்ப அந்த இடத்துல நெல்லு. அவரை யாரும் ஒண்ணும் கேக்கலை, சொந்தக்காரர்தான். ஆனா ரஸ்தாளின்னு பேச்செடுத்தா அவர் எந்திரிச்சுப் போயிடுவார். அதனால உங்க வீட்டுக் கன்னு செழிப்பா இருக்குன்னு ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அடி இலையை ஒரு தடவை பாருங்க. சந்தேகமா இருந்தா குடுக்காதீங்க. கேக்குறவங்க கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

ஜி-9 மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் கிடையாது. 11, 12 மாசத்துல தார் வருது, குட்டை, எடை நல்லா நிக்குது, எங்க ஊர்லயே பாதிப் பேரு அதுதான் வச்சிருக்காங்க. அதுக்குச் சொட்டுநீரும் உரமும் நேரம் தவறாம வேணும். முட்டு குடுக்கலைன்னா சாயும். அதோட மொத்தத் தாரும் ஒரே வாரத்துல பழுக்கும். நாலு பேரு இருக்குற வீட்டுல இருநூறு பழத்தை என்ன பண்ணுவீங்க? தெரு முழுக்கக் குடுத்துட்டு நீங்க ரெண்டு சாப்பிடலாம். மொந்தன்னா அந்தக் கஷ்டம் இல்லை. காயாவே சீப்புச் சீப்பா அறுத்துக்கலாம்.

இடத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. போர் தண்ணி உப்பா, கோடையில தண்ணி பத்தாக்குறையா? கற்பூரவள்ளி தாங்கும். ஆனா நல்ல உயரம் போகும், 14, 16 மாசம் ஆகும், பக்கத்து வீட்டு ஷீட் மேல இலை உரசும். காம்பவுண்டு சுவர் ஓரமா, காத்து மறைவா இருந்தா பாருங்க. 2018-ல கஜா புயல் வந்தப்போ டெல்டாவுல எத்தனை வாழை படுத்துச்சுன்னு டி.வி.யில பாத்திருப்பீங்க. இலை நிறைய வேணும்னா பூவன். இலைக்குன்னே அதை வைக்கிற ஆளுங்க எங்க பக்கம் உண்டு. அதுக்கு வைரஸ் தொல்லை கொஞ்சம் இருக்கு, நோஞ்சான் கன்னை மட்டும் எடுக்காதீங்க. நேந்திரனுக்குத் தண்ணியும் தாங்கலும் ஜாஸ்தி, சிப்ஸ் கடையில வாங்கிக்கோங்க. செவ்வாழை ஒன்றரை வருஷம் நிக்கும், பொறுமை இருந்தா உங்க பாடு. மாடியில டிரம்முல வாழைன்னு வீடியோ போடுறாங்க. இலை பாக்க அழகா இருக்கும், ஒத்துக்கிறேன். தாரைப் பத்தி வீடியோவுல பேச மாட்டாங்க.

கன்னு எடுக்கும்போது ஈட்டிக்கன்னா கேளுங்க. இலை ஈட்டி மாதிரி குறுகலா, அடி பருத்து, நுனி ஒல்லியா இருக்கும். அகல இலையோட பாக்க லட்சணமா நிக்கிறது நீர்க்கன்னு. நர்சரிக்காரன் அதைத்தான் முன்னாடி அடுக்கி வைப்பான், அடிக்கிழங்குல சத்து இருக்காது. கிழங்கு ஒன்றரை, ரெண்டு கிலோ இருக்கணும். வேரையெல்லாம் சீவிட்டுப் பாருங்க. துளை துளையா இருந்தா கூன்வண்டு உள்ள இருக்கு. வெள்ளையா சுத்தமா இருந்தா ஒன்றரை அடிக் குழியில வச்சு, சுத்தி மிதிச்சு விடுங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல ஆறடி விடுங்க. பக்கத்துல முளைக்கிற கன்னையெல்லாம் பாசத்துல விட்டு வைக்காதீங்க. தார் வர்ற வரைக்கும் அறுத்து அறுத்து விட்டு, பூ தள்ளினதுக்கு அப்புறம் ஒண்ணே ஒண்ணை மட்டும் விடுங்க, அதுதான் அடுத்த வருஷத்து மரம்.

எங்க பக்கம் வர்றவங்க சொல்லிட்டு வந்தா மொந்தன் கன்னு எடுத்து வைக்கிறேன். சாக்கு ஒண்ணு கொண்டாங்க, காருக்குள்ள மண்ணு கொட்டிப் போச்சுன்னு அப்புறம் என்னைத் திட்டாதீங்க.